நெருப்புக்குப் பக்கத்தில் உடுத்தும் துணி

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி பெங்களூருவிலிருந்து போன் செய்தாள். அவள் மகளைப் பள்ளியில் மூன்று நாள் முகாமுக்கு அழைத்துப் போகிறார்களாம். விறகு பொறுக்குவது, அடுப்பு மூட்டிச் சமைப்பது, ராத்திரி கேம்ப் ஃபயர் எல்லாமே பிள்ளைகள்தான் செய்ய வேண்டுமாம். "டீச்சர், நீங்கதானே எங்களை கைடு கேம்ப்புக்குக் கூட்டிட்டுப் போவீங்க, என்ன டிரஸ் வாங்கட்டும்? ஃபிளீஸ் ஜாக்கெட், டிரை ஃபிட் டீ ஷர்ட், லெக்கிங்ஸ், கிராக்ஸ் எல்லாம் பார்த்து வெச்சிருக்கேன்" என்றாள்.

"ஆர்டர் போடாதே, இரு" என்றேன். அவள் சொன்ன நான்கும் நெருப்புப் பட்டால் உருகுகிற சாமான்கள். ஐந்து நிமிடத்தில் அவளுக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டேன். ஆனால் போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதன் பின்னால் நம் கடலூரில் தொடங்கி, இங்கிலாந்து போய், சிதம்பரத்துக்கே திரும்பி வந்த ஒரு கதை இருக்கிறது. அதில் நான் செய்த தவறு ஒன்றும் இருக்கிறது. இதுவரை அதை எழுதியதில்லை.

தேவனாம்பட்டினம் கோட்டைப் பாடம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1690-ல் ஆங்கிலக் கம்பெனி மராட்டியரிடம் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது அப்படித்தான். இதைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். ஆனால் "வெள்ளையர் எதற்காக இங்கே வந்தார்கள்?" என்று பரீட்சையில் கேட்டால் பாதிப் பேர் "மிளகு வாங்க" என்று எழுதுவீர்கள். மிளகு மேற்குக் கரைச் சரக்கு. நம் கரைக்கு அவர்கள் வந்தது துணிக்காக. கடலூரிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் வெள்ளைத் துணியும் நீலச் சாயம் தோய்த்த துணியும் கட்டுக் கட்டாகக் கப்பலேறின. எல்லாம் பருத்தி. அங்கே அதற்கு இருந்த மோகத்தைப் பார்த்து உள்ளூர் நெசவாளர்கள் கொதித்துப்போய், 1700-லும் 1721-லும் இந்தியத் துணிகளைத் தடுத்துச் சட்டமே போட வேண்டியதாயிற்று. கோழிக்கோட்டின் பெயரால் அவர்கள் நம் பருத்தித் துணியைக் 'காலிகோ' என்று அழைத்தார்கள். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பருத்தி என்றால் தீப்பிடிக்காது என்று நான் சொல்ல வரவில்லை. பிடிக்கும். மெல்லிய, லேசான, காற்றில் பறக்கிற பருத்தி சட்டென்று பற்றிக்கொள்ளும். ஆங்கிலப் பாடத்தில் படித்த லாங்ஃபெல்லோ கவிஞரின் மனைவி 1861 ஜூலையில் வீட்டிலேயே உடையில் தீப்பிடித்து இறந்துபோனார். அணைக்க ஓடிய கவிஞருக்கு முகமும் கையும் வெந்துவிட்டன. அந்தத் தழும்பை மறைக்கத்தான் படங்களில் நாம் பார்க்கும் அந்த நீண்ட தாடி. அந்தக் காலத்து அகன்ற பாவாடைகள் எத்தனையோ பெண்களை அப்படிக் கொண்டுபோயின. எந்த நூல் என்பது ஒரு கேள்வி. எவ்வளவு கெட்டி, எவ்வளவு தொங்குகிறது என்பது அடுத்த கேள்வி.

நெருப்போடு வேலை செய்த நம் ஊர்க்காரர்களுக்கு இது புத்தகம் படிக்காமலே தெரிந்திருந்தது. வடலூரில் வள்ளலார் 1867 மே 23-ம் தேதி தருமசாலையைத் தொடங்கியபோது மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சிறுமியாக இருந்தபோது அப்பாவுடன் அங்கே போவேன். அடுப்படியில் நின்றவர்கள் பருத்தி வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டியிருப்பார்கள். துண்டு தோளில் தொங்காது, இடுப்பிலோ தலையிலோ இறுகியிருக்கும். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டும் காலத்தில் வெல்லம் காய்ச்சுகிற கொட்டகையிலும் அதேதான். திரௌபதியம்மன் கோயில் தீமிதியில் இறங்குகிறவர்கள் மஞ்சள் தோய்த்த பருத்தித் துணியை ஈரத்தோடு இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு வருவார்கள். தொங்குகிற துணியோடு யாரையும் குண்டத்துக்குள் விடமாட்டார்கள். என் பாட்டி விறகடுப்பில் உட்காருமுன் முந்தானையை இழுத்துச் செருகுவாள். கையுறைக்குப் பதில் கரித்துணி.

அந்தக் கரித்துணி பற்றி ஒரு சங்கதி. அது காய்ந்திருக்க வேண்டும். ஈரத் துணியால் சுடுபாத்திரத்தைப் பிடித்தால் ஈரம் ஆவியாகிக் கை வெந்துபோகும். தீயை அடித்து அணைக்க ஈரச் சாக்கு, பாத்திரம் இறக்கக் காய்ந்த துணி. இதைச் சொன்னதற்காகவே பாட்டிக்கு ஒரு பட்டம் கொடுத்திருக்கலாம்.

பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முந்திரிக்கொட்டை சுட்டுத் தின்ற அனுபவம் இருக்கும். போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம், நம் செம்மண்ணில் சொந்தமாகிவிட்டது. சுடும்போது தோட்டிலிருந்து எண்ணெய் பீய்ச்சும். அது தீப்பிடித்து எரியும், தோலில் பட்டால் பொத்துப்போகும். கொட்டை உடைக்கிற பெண்கள் சாம்பலையோ விளக்கெண்ணெயையோ கையில் பூசிக்கொள்வார்கள். கையுறை கொடுத்தாலும் போடமாட்டார்கள் என்று குறை சொல்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். கிலோ கணக்கில் கூலி, கையுறை போட்டால் கொட்டை வழுக்கும், வேலை பாதியாகும். அப்புறம் எப்படிப் போடுவார்கள்? கையுறை நல்லதா என்பதைவிட, அதைப் போட்டுக்கொண்டு வேலை ஓடுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். (தில்லை நடராஜர் இடக்கையில் தீயை ஏந்தி நிற்கிறார். அவருக்குக் கையுறை வேண்டாம். நமக்கு வேண்டும்.)

இப்போது சாரணர் கதைக்கு வருகிறேன்.

பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பிரவுன்சீ என்ற சின்னத் தீவில் சுமார் இருபது பையன்களைக் கூட்டிப்போய் முகாம் போட்டார். ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்காரவைத்துக் கதை சொன்னார். நம் கேம்ப் ஃபயருக்கு வேர் அங்கே இருக்கிறது. மறுவருடம் அவர் எழுதிய புத்தகத்தில் பையன்களுக்குச் சொன்ன சட்டை ஃபிளானல், அதாவது கம்பளி நூல் சட்டை. வியர்வைக்கும் குளிருக்கும் என்று அவர் சொன்னார். ஆனால் நெருப்புக்கும் அதுவே நல்லது. கம்பளி எளிதில் பற்றாது, பற்றினாலும் நெருப்பை விலக்கினால் கருகி நின்றுவிடும். சாரணர்கள் கேம்ப் ஃபயரில் கம்பளிப் போர்வை போர்த்தி உட்காருகிற பழக்கத்தை நீங்கள் படங்களில் பார்த்திருக்கலாம்.

இந்தியாவில் முதல் சாரணர் படை 1909-ல் பெங்களூருவில். பெண்களுக்கான கைடு இயக்கம் 1911-ல் ஜபல்பூரில். இந்தியப் பிள்ளைகளுக்கென்று 1917-ல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் தனியாக ஒரு சாரணர் சங்கம் தொடங்கினார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை, இங்கிலீஷ் பாட்டுக்குப் பதில் நம் பாட்டு. பிரிந்து கிடந்த சங்கங்களெல்லாம் 1950 நவம்பர் 7-ல் ஒன்றாகிப் பாரத சாரணர் இயக்கம் ஆனது. மறுவருடம் கைடுகளும் வந்து சேர்ந்தார்கள். இந்தக் காலம் முழுக்கச் சீருடை என்றால் பருத்திதான். காக்கி என்ற சொல்லே புழுதியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. கெட்டியாக, அழுக்குத் தெரியாமல், முள்ளில் கிழியாமல் இருந்த துணி. கஞ்சி போட்டுக் காயவைத்தால் தானாக நிற்கும்.

ஆனால் இஸ்திரி போட வேண்டும். அங்கேதான் கதை திரும்பியது.

1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரண்டு வேதியியலார் டெரிலின் என்ற புது இழையைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் வேலை பார்த்த இடத்தின் பெயரைக் கேளுங்கள்: மான்செஸ்டரைச் சேர்ந்த 'காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷன்'. நம் பருத்தியின் பெயரை வைத்துக்கொண்டிருந்த கம்பெனியிலிருந்துதான் பருத்தியை விரட்ட வந்த பாலியெஸ்டர் பிறந்தது. இந்த ஒன்றை நான் வகுப்பில் சொல்லாமல் விட்டதற்கு இன்னும் வருத்தம், எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

1960-களின் நடுவில் 'டெரின்' என்ற பெயரில் மகாராஷ்டிரத்துத் தாணேயில் அந்த இழையைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பே சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் டெரிலின் சட்டையும் நைலக்ஸ் புடவையும் கொண்டுவருவார்கள். கல்யாண வீட்டில் அந்தப் புடவையைத் தொட்டுப் பார்க்க வரிசை நிற்கும். துவைத்து உதறினால் காய்ந்துவிடும், சுருக்கம் இல்லை, பத்து வருடம் உழைக்கும். வேலைக்குப் போகிற பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பது கஞ்சி போட்டு இஸ்திரி போட்டவர்களுக்குத்தான் தெரியும். நானும் ஆசிரியர் பயிற்சி முடித்து முதல் சம்பளத்தில் எடுத்தது நைலக்ஸ் புடவைதான். அதைக் கட்டிக்கொண்டே ஸ்டவ் பற்றவைத்தேன். என்னைப் போன்றவர்கள் எத்தனை பேர் அப்படிப் பற்றவைத்துக் கருகினார்கள் என்பதை அந்தக் காலத்துத் தினசரிகளில் நாள்தோறும் ஒரு மூலையில் படித்தோம். 'ஸ்டவ் வெடித்து' என்று இருக்கும். எல்லாச் சாவும் விபத்தல்ல என்பது வேறு விஷயம், வேறொரு நாள் எழுதுகிறேன்.

பள்ளிச் சீருடையும் மாறியது. முதலில் வசதியான பிள்ளைகள், பிறகு எல்லோரும் டெரிகாட்டன். பெரும்பாலும் மூன்றில் இரண்டு பங்கு பாலியெஸ்டர், ஒரு பங்கு பருத்தி. பாதிக்கு மேல் செயற்கை என்றாலும் கொஞ்சம் பருத்தி இருக்கிறதே, பரவாயில்லை என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. தனிப் பாலியெஸ்டர் நெருப்பைக் கண்டால் சுருங்கி, உருகி, சொட்டும். கலந்த துணியில் பருத்தி கருகி விளக்குத் திரி மாதிரி நின்றுகொள்ளும். உருகிய பாலியெஸ்டர் கீழே விழ வழியில்லாமல் அந்தத் திரியைப் பிடித்துக்கொண்டே எரியும். அடியில் இருப்பது தோல்.

இது எனக்கு 1986-ல் தெரியாது.

பொங்கல் முடிந்த வாரம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் மூன்று நாள் கைடு முகாம். எந்தப் பள்ளி என்பது வேண்டாம், தவறு அவர்களுடையது அல்ல. கடைசி ராத்திரி கேம்ப் ஃபயருக்கு ஊர்ப் பெரியவர்களை அழைத்திருந்தோம். நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் முறை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியுடையது. நெசவாளர் வீட்டுப் பிள்ளை. அவள் சீருடையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அம்மாவின் பழைய கைத்தறிப் புடவையில் தைத்த பாவாடை சட்டையில் வந்து நின்றாள். "புதுத் துணி டீச்சர், கரியாயிடும்" என்றாள். நான் எல்லோர் முன்னாலும் அதட்டினேன். விருந்தாளிகள் வரும் நேரத்தில் இது என்ன கோலம் என்று திட்டி, போய் மாற்றிக்கொண்டு வரச் சொன்னேன். அவள் மாற்றிக்கொண்டு வந்தாள். புது டெரிகாட்டன், அப்போதுதான் எடுத்தது.

இரண்டு பாட்டு முடிந்திருக்கும். சவுக்குக் கட்டை ஒன்று சரிந்தது. அதைத் தள்ளிவிடக் குனிந்தாள். கையில் கோல் இல்லை, கையுறை இல்லை. கட்டை உருண்டு சட்டைக் கையில் தீ பட்டது. எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். தட்டி அணைத்துவிட்டேன், சில விநாடிகள்தான். ஆனால் அதற்குள் துணி சுருங்கி முன்கையில் ஒட்டிவிட்டது. பதற்றத்தில் நான் செய்த அடுத்த தவறு, அதைப் பிடித்து இழுத்தது. துணியோடு தோலும் வந்தது.

மருத்துவமனையில் மருத்துவர் திட்டவில்லை. "பருத்தியாக இருந்தால் மேலாகப் போயிருக்கும் டீச்சர். இனிமேல் ஒட்டின துணியை இழுக்காதீங்க, தண்ணிய ஊத்திக்கிட்டே இருங்க" என்று மட்டும் சொன்னார். காலையில் அவள் அப்பா வந்தார். எரிந்த சட்டையைக் கையில் எடுத்து, ஓரத்தை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். உருகிய இடம் மெழுகு மாதிரி கெட்டியாக இருந்தது. "இது நூலே இல்லீங்க டீச்சர்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அவர் தறியில் அன்றைக்கு என்ன ஓடிக்கொண்டிருந்திருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் அனுமதி வாங்கித்தான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றாள். "நீங்க திட்டினதுகூட எனக்கு மறந்துபோச்சு டீச்சர்" என்றாள். எனக்கு மறக்கவில்லை.

நான் மட்டும் அறியாமல் இருந்தேன் என்றும் சொல்ல முடியாது. 1982-ல் ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் கப்பற்படைக்கும் இதே பாடம்தான் கிடைத்தது. மே 4-ம் தேதி ஷெஃபீல்டு என்ற போர்க்கப்பலை ஏவுகணை தாக்கித் தீப்பிடித்தது. அந்தப் போரில் மாலுமிகளின் செயற்கை இழைச் சட்டைகள் உடம்பில் உருகி ஒட்டின. அதன் பிறகு வேலை உடுப்பைப் பருத்திக்கு மாற்றினார்கள். 2006-ல் ஈராக்கில் இருந்த அமெரிக்க மரைன் படை, வியர்வை உறிஞ்சும் செயற்கை இழை பனியன்களை முகாமுக்கு வெளியே போடக் கூடாது என்று தடுத்தது. என் மாணவி வாங்கவிருந்த டிரை ஃபிட்டின் அண்ணன்தான் அது.

சரி, அவளுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கெட்டியான பருத்தியில் முழுக்கைச் சட்டை. காதி போதும், பழைய ஜீன்ஸ் துணி இன்னும் நல்லது. எலாஸ்டிக் கலக்காத ஜீன்ஸாக இருக்கட்டும். உள்ளே போடும் பனியனும் பருத்தி, ஏனென்றால் தோலை ஒட்டி இருப்பது அதுதான். லேபிளில் 'நூறு சதவீதம் பருத்தி' என்று இருக்கிறதா என்று படியுங்கள். லேபிள் இல்லையென்றால் ஓரத்து நூல் ஒன்றை உருவி, வீட்டுக்கு வெளியே, இடுக்கியில் பிடித்துப் பற்றவையுங்கள். பருத்தி காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் கறுப்பு மணியாக உருளும். துப்பட்டா, சாரணர் ஸ்கார்ஃப், தொங்கும் கயிறு எல்லாம் உள்ளே செருக வேண்டும் அல்லது கூடாரத்தில் இருக்க வேண்டும். தலைமுடியும்தான்.

கைக்கு, ஹார்டுவேர் கடையில் வெல்டிங் கிளவுஸ் என்று கேளுங்கள். மணிக்கட்டைத் தாண்டி நீளும் தோல் கையுறை, சில நூறு ரூபாய்தான். ரப்பர் வேண்டாம், தோட்ட வேலைக்கு விற்கிற ரப்பர் பூசிய நைலான் கையுறை வேண்டவே வேண்டாம். உதறினால் கழன்று விழும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும், உள்ளே கங்கு விழுந்தால் ஒரே உதறலில் போக வேண்டும். குழந்தைக்குப் பெரியவர் அளவு கையுறை சரிப்படாது, கட்டை நழுவும். நனைந்துவிட்டால் காயும்வரை தொடாதே என்று சொல்லுங்கள், பாட்டி சொன்னதேதான். கையுறை இருந்தாலும் கட்டையைத் தள்ளக் கோல்தான்.

கால் விஷயம் கொஞ்சம் நீளம். என் சிறுவயதில் நம் வட்டாரத்தில் செருப்புப் போட்டுக்கொண்டு ஊர்த் தெருவில் நடக்க விடப்படாத ஜனங்கள் இருந்தார்கள். பூட்ஸ் என்பதை நான் முதலில் பக்கத்தில் பார்த்தது நெய்வேலியில் வேலைக்குச் சேர்ந்த என் மாமா காலில். 1956-ல் தொடங்கிய நிறுவனம், சுரங்கத்து வேலைக்குக் கனமான தோல் பூட்ஸ். தெருவே வந்து பார்த்தது. மாமா பேண்ட் கால்களை பூட்ஸுக்கு வெளியேதான் விடுவார். உள்ளே செருகினால் தீப்பொறி நேராக பூட்ஸுக்குள் இறங்கும் என்பார். பேண்ட் நுனியை மடித்து விடவும் கூடாது, அந்த மடிப்பில் கங்கு தங்கும். கணுக்காலை மூடும் தோல் ஷூ இருந்தால் மிக நல்லது. இல்லையென்றால் கான்வாஸ் ஷூவும் பருத்திச் சாக்ஸும் போதும், கங்கை மிதிக்காத வரை. ஹவாய் செருப்பும் கிராக்ஸும் உருகும். அவற்றைக் குளியலறைக்கு வைத்துக்கொள்ளட்டும்.

கேம்ப் ஃபயர் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல், ஒரு கம்பளிப் போர்வை இருக்கிறதா என்று பள்ளியைக் கேட்கச் சொன்னேன். துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, படுத்து உருள வேண்டும். தீப்பட்ட இடத்தில் இருபது நிமிடம் ஓடும் தண்ணீர். பேஸ்ட், மை, மாவு எதுவும் கூடாது. ஒட்டிய துணியை ஒட்டியபடியே விட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எல்லாம் கேட்டுக்கொண்டு கடைசியில், "அந்த ஃபிளீஸ் ஜாக்கெட்டை அவ விடமாட்டேங்கிறா டீச்சர், பிங்க் கலர்" என்றாள். பஸ்ஸில் போகும்போது போட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறேன். ராத்திரிக்கு என்னிடம் இருக்கும் பழைய கம்பளிப் போர்வையைப் பார்சலில் அனுப்பிவிட்டேன். நேற்று போய்ச் சேர்ந்ததாம், பூச்சி உருண்டை வாசனை அடிக்கிறது என்று அந்தக் குட்டி எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறாள்.